ஊதுகிடங்கின் சூட்டைக் குறைத்த காவலாளி

எங்கள் திட்டத்தின் பணிப்பாளர் பொய் சொன்னார். ஊர் நிறைந்த மண்டபத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, காவலாளி மாரிமுத்து குகைக்குள் இருந்த மெசினைக் கெடுத்தவர் என்று சொன்னார். மாரிமுத்து கெடுக்கவில்லை. அது பணிப்பாளருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

நான் அந்தத் திட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். எங்கள் சங்க மலருக்கு இளம் உத்தியோகத்தர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மழைமானியை எப்படித் துடைப்பது என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் இதைத்தான் எழுதுகிறேன். பயமென்றால் போடாமல் விடுங்கள். நான் போட்டோக்கொப்பி அடித்து கிளிநொச்சி பஸ் நிலையத்தில் கொடுப்பேன்.

கிடங்குக்குள் முதல் நாள்

துணுக்காய்க்கு மேற்கே போகப் போக மண் மெலிந்து சுண்ணாம்புக்கல் மேலே தெரியும். அந்தக் கல்லைத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய குகை ஒன்று அங்கே காட்டோரம் இருக்கிறது. ஊர்ச்சனம் அதை ஊதுகிடங்கு, அதாவது ஊதுகிற குழி, என்று சொல்லும். பின்னேரம் வாசலில் நின்றால் உள்ளேயிருந்து காற்று வந்து முகத்தில் படும். காலையில் நின்றால் வெளிக்காற்றை அது உள்ளே இழுக்கும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. வெளியே காற்றின் அமுக்கம் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வரும். ஏறினால் வெளிக்காற்று உள்ளே போகும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் அமுக்கம் இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கும். குகையும் அதற்கேற்ப மூச்சு விடும். அவ்வளவுதான்.

குகையைச் சுற்றுலாவுக்குத் திறப்பதா இல்லையா என்று முடிவெடுக்க முதல், ஆட்கள் போகாத நிலையில் உள்ளே வெப்பமும் அமுக்கமும் எப்படி இருக்கிறது என்று ஒரு வருடம் அளக்கவேண்டும். ஆள் போனால் ஆளின் உடம்புச் சூடே குகையை மாற்றிவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. இதுவரைக்கும் எல்லாம் புத்தியான வேலை. ஒருவரையும் குறைசொல்ல மாட்டேன்.

வாசலில் ஒரு அமுக்கமானி வைத்தோம். உள்ளே, குனிந்து போகிற பாதை முடிந்து நிமிர்ந்து நிற்கக்கூடிய இடத்தில், கல்லுக்குள் ஒரு இரும்புக் கம்பத்தை இறுக்கினோம். கம்பத்தின் உச்சியில் மூன்று கை. நடுக்கையில் வெப்பத்தை அளக்கும் சென்சர், ஒரு பக்கம் அமுக்கத்துக்கு, மற்றப் பக்கம் ஈரப்பதனுக்கு. அளவுகளைத் தானாகப் பதிகிற சாம்பல் நிறப் பெட்டியைக் கம்பத்தின் நடுவில் பூட்டினோம். அதில் ஒரு பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். தரையில், கல்லோடு ஒட்டி, இன்னொரு வெப்பச் சென்சர்.

வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்த கூலிக்காரர் ஒருவர், "மிஸ், சூலம் மாதிரியெல்லோ இருக்கு" என்றார். நான் பற்றரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சூலமோ சுளகோ, அளந்தால் சரி.

காவலுக்கு மாரிமுத்துவைப் போட்டோம். தேயிலைத் தோட்டத்திலிருந்து தகப்பன் காலத்தில் வன்னிக்கு வந்த குடும்பம். குகைக்குக் கிட்ட அவருக்குத் தோட்டம் இருந்தது. நான் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மாரிமுத்து, மெசினில ஒருத்தரும் கைவைக்கக்கூடாது."

"வைக்க விடமாட்டேங்க மிஸ். என் கையும் படாதுங்க."

அவருடைய நாய் எங்களுக்கு முன்னமே உள்ளே போய்க் கம்பத்தடியில் சுருண்டு படுத்துவிட்டது. வெளியே நெருப்பு வெயில். உள்ளே குளிர்மை. நாய்க்குப் புத்தி இருந்தது.

ஒரே இலக்கம்

மாதாந்தக் கூட்டத்தில் என் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். வெப்பநிலைக் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போனது. குகையென்றால் அப்படித்தான். எனக்குச் சந்தோசம். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ், இதென்ன? எல்லா நாளும் ஒரே இலக்கம்?"

"குகை அப்பிடித்தான் சேர். வெளியில வெயில் மழை மாறும். உள்ளுக்க மாறாது."

"மாறாட்டி ஏன் அளக்கிறம்?"

"மாறேல்ல எண்டு அறியத்தான் சேர்."

"அதை அளக்காமலே சொல்லலாமே."

கணக்காளர் சிரித்தார். அவர் பணிப்பாளர் தும்மினாலும் சிரிப்பார்.

"அமுக்கத்தைப் பாருங்கோ. உள்ளுக்கயும் வெளியிலயும் ஒண்டுதான். அப்ப ஏன் ரெண்டு மெசின் வாங்கினது?"

"சின்ன வித்தியாசம் இருக்குது சேர். அந்த வித்தியாசத்தாலதான் காத்தே ஓடுது."

"சின்ன வித்தியாசத்தை வைச்சுக்கொண்டு நான் கொழும்பில என்னத்தைக் காட்டுறது? மற்றவையின்ர படத்தைப் பாருங்கோ. மழை ஏறுது, இறங்குது, ஒரு களை இருக்குது. உங்கட படம் செத்தவீடு மாதிரி இருக்கு. குறை நினைக்காதேங்கோ, வீட்டில இருந்து எழுதின மாதிரியும் இருக்கு."

குறை நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். குகைக்குள் முழங்காலால் தவழ்ந்து போய் எடுத்து வந்த அளவு அது. அவர் அந்தக் குகை வாசலுக்கு அதுவரை வந்ததே இல்லை.

சூடு பிடித்தது

அடுத்த தடவை டேட்டாவை இறக்கிப் பார்த்தேன். நேர்கோட்டில் திடீரென்று ஒரு கூர்முனை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. திகதியைப் பார்த்தால் எல்லாம் வெள்ளிக்கிழமை, எல்லாம் காலை. நடுக்கைச் சென்சர் மட்டும் நாற்பது பாகைக்கு மேலே பாய்ந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்திருந்தது. தரைச் சென்சர் அசையவில்லை. அமுக்கமும் வழக்கம்போலத்தான் ஏறி இறங்கியிருந்தது.

"ஏதோ பிழை. நேரில் போய்ப் பார்க்கவேண்டும்" என்று குறிப்பு எழுதித்தான் படத்தை அனுப்பினேன். குறிப்பை யார் வாசிப்பது? பணிப்பாளர் போன் எடுத்தார்.

"மிஸ்! குகைக்கு உயிர் வந்திட்டுது!"

"சேர், சென்சரில பிழை இருக்கும்."

"பிழையெண்டா கீழ போயிருக்கும். இது மேலயெல்லோ போகுது!"

"நிலத்துக்குள்ளயிருந்து சூடு வந்தா தரைச் சென்சர்தானே சேர் முதல் ஏறோணும்? அது அப்பிடியே நிக்குது."

"அப்ப தரைச் சென்சர் பழுது. மாத்துங்கோ."

"கிழமையில ஒரு நாள் மட்டும் சூடாகிற நிலம் எங்க சேர் இருக்குது?"

"அதுதானே விசேசம்! வெள்ளிக்கு வெள்ளி. சுற்றுலாக்காரருக்குத் திகதியோட சொல்லலாம். திருகோணமலைக்குக் கன்னியா வெந்நீர் ஊற்று. எங்களுக்கு ஊதுகிடங்கு."

அன்று மத்தியானமே அலுவலக வட்சப் குழுவில் அவர் என் படத்தைப் போட்டு நெருப்புப் பொம்மை வரிசையாகப் போட்டிருந்தார். கணக்காளர் அதைவிட நீளமான வரிசை போட்டார். நேர்கோடாக இருந்தபோது கள்ள அளவு. கோணலானதும் கண்டுபிடிப்பு.

வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளி விடியவே பிக்கப்பில் போனேன். குகை வாசலில் புகை. பணிப்பாளர் சொன்னது உண்மையாகிவிட்டதோ என்று இறங்கி ஓடினேன். கிட்டப் போனால் உழுந்து வடை வாசம்.

வாசலில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, தாச்சியில் எண்ணெய் கொதிக்கிறது. கமலாதேவி என்ற பெண் குந்தியிருந்து வடை சுடுகிறா. பக்கத்து வாய்க்கால் திட்டத்தில் வயல் செய்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். குகை காலை மூச்சை இழுக்கிற நேரம். புகை முழுக்கச் சுழன்று உள்ளே போகிறது. என் ஈரப்பதன் சென்சருக்கு நல்ல காலம்.

"என்ன அக்கா இது?"

"வாங்கோ மிஸ். வைரவருக்கு வடைமாலை."

"எந்த வைரவருக்கு?"

"நீங்கள் கொண்டுவந்து வைச்ச வைரவருக்குத்தான்."

அவ அடுத்த வடையைப் போட்டுக்கொண்டே கதை சொன்னா. அவவின் லாண்ட்மாஸ்டர் காணாமல் போயிருக்கிறது. அந்தச் சின்ன உழவு மெசின் இல்லாவிட்டால் வயல் செய்ய முடியாது. தேடிக்கொண்டு காட்டோரம் வந்தவ குகைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறா. இருட்டுக்குள் சூலம், காலடியில் நாய், நடுவில் பச்சைக் கண். கும்பிட்டு நேர்த்தி வைத்திருக்கிறா. அடுத்த நாளே லாண்ட்மாஸ்டர் கிடைத்துவிட்டது.

"எங்க கிடந்தது?"

"மச்சான்ர வளவுக்க."

"அப்ப மச்சான்தானே எடுத்தவர்?"

"ஓம். ஆனா காட்டித் தந்தது ஆர்?"

எங்கள் பக்கத்தில் ஒரு மரத்தடியில் சூலம் நட்டால் அது வைரவர். நட்டது அரசாங்கமா ஆச்சியா என்று யாரும் விசாரிப்பதில்லை. வைரவருக்கு வாகனம் நாய். விருப்பம் வடைமாலை. நான் கம்பமும் நட்டு, நாயையும் படுக்கவிட்டு, விளக்கும் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பிறகு கமலாதேவியைக் குற்றம் சொன்னால் எடுபடுமா?

மாரிமுத்து ஓடி வந்தார்.

"மாரிமுத்து, ஒருத்தரும் கைவைக்கக்கூடாதெண்டு சொன்னனானெல்லோ?"

"ஒருத்தரும் கைவைக்கலீங்க மிஸ். சத்தியமா. மாலைய கொக்கத்தடியிலதான் மாட்டறாங்க. நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருப்பேன், கை படாம."

மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடி வாசலில் சாத்தியிருந்தது. என் கண் முன்னாலேயே கமலாதேவி சுடச்சுட வடையை நூலில் கோர்த்து, உள்ளே கொண்டுபோய், தடியால் தூக்கி, நடுக்கையில் அழகாக மாட்டினா. கம்பத்தில் கையும் படவில்லை, சேலையும் படவில்லை. நான் லாப்டொப்பைச் சாம்பல் பெட்டியோடு இணைத்தேன். நடுக்கை அளவு விறுவிறு என்று ஏறியது. கர்ப்பூரம் கொளுத்தினா. இன்னும் கொஞ்சம் ஏறியது.

"ஏறுதோ மிஸ்?" என்று கமலாதேவி எட்டிப் பார்த்துக் கேட்டா.

"ஏறுது அக்கா."

"அப்ப ஏத்துக்கொண்டிட்டார்."

மாலையை இறக்கிப் பங்கு வைத்தார்கள். எனக்கும் வடை தந்தா. நாய்க்கும் தந்தா. உண்மையைச் சொன்னால் நல்ல வடை.

மேசையில் வடை

திங்கட்கிழமை பணிப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கதைக்காமல் செய்து காட்டித்தான் பழக்கம். முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் சுடுகிற வடை வாங்கி, கைவசம் இருந்த சென்சரை அவருடைய மேசையில் வைத்து, வடையின் ஓட்டையை அதன் தலையில் மாட்டினேன்.

"பாருங்கோ சேர். ஏறுது."

அவர் திரையைப் பார்த்தார். வடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சாப்பிட்டார். என் சாட்சியைச் சாப்பிட்டு, கையை லேஞ்சியால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"வடை சூடாத்தான் இருக்குது மிஸ். அதுக்கும் குகைக்கும் என்ன சம்பந்தம்?"

அப்போது திரையில் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் மேலிடத்துக்குச் சொல்லிப்போட்டன். இப்ப போய் வடையெண்டு சொல்லேலுமோ?"

இந்த வசனத்தை மறக்கவேண்டாம். அவருக்குத் தெரியும் என்று நான் முதலில் எழுதியது இதனால்தான்.

வெப்ப வலயம்

அதற்குப் பிறகு வேகமாக நடந்தது. குகை வாசலைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். "வெப்ப வலயம். உள்ளே செல்வது ஆபத்து" என்று மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள். சனம் பலகையை மதித்தது. கமலாதேவி கோபிக்கவில்லை.

"அவர் எங்கயும் இருப்பார் மிஸ்" என்று சொல்லிவிட்டு, வயல் ஓரத்துப் பாலைமரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு அங்கே வடை சுடத் தொடங்கிவிட்டா.

வடை போனது. சூடும் போனது. கோடு மறுபடியும் மேசை விளிம்பு.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். பணிப்பாளர் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் ஒழுங்கு செய்திருந்தார். வந்தவர்களில் ஒருவரின் தோளில் துவாயும், கையில் சவர்க்காரப் பெட்டியும். வெந்நீர் ஊற்று என்றால் குளிக்காமல் போவதா? எல்லோரும் குனிந்து உள்ளே போனார்கள். உள்ளே நிமிர்ந்து நின்றார்கள். துவாய்க்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில், "நல்ல குளிர்மை. ஏசி போட்ட மாதிரி" என்றார். தாராளமாகப் பாராட்டினார் மனுசன். பணிப்பாளருக்கு மட்டும் வேர்த்தது.

பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் ஊர்க் கூட்டம். கொழும்பார் மேடையில். சூடு எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். பணிப்பாளர் மைக்கை எடுத்து முதலில் அவர்களுக்குச் சிங்களத்திலும் பிறகு சனத்துக்குத் தமிழிலும் சொன்னார்.

"சூடு இருந்தது. எங்களிட்ட டேட்டா இருக்குது. இப்ப இல்லாததுக்குக் காரணம், காவலுக்கு இருந்த மாரிமுத்து மெசினில கைவைச்சுக் கெடுத்துப்போட்டார். குகையின்ர வெப்பநிலை குறைஞ்சதுக்கு அவர்தான் பொறுப்பு. அவரை இண்டையோட நிப்பாட்டுறம்."

மாரிமுத்து பின்வரிசையில் இருந்து எழும்பினார். சேட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார், பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று.

"சார், குகைச் சூட்ட நான் எப்புடிங்க சார் எறக்கறது?"

"அதைத்தான் நாங்களும் கேக்கிறம்" என்றார் பணிப்பாளர்.

கமலாதேவி எழும்பினா. "ஐயா, அந்தாளை விடுங்கோ. சூடு என்ர வடையின்ர சூடு. நான்தான் போட்டனான்."

"அம்மா, இது விஞ்ஞான விசயம். இருங்கோ."

நான் எழும்பினேன். "சேர், உங்கட மேசையில வைச்சுக் காட்டினனான். நீங்கள் சாப்பிட்டனீங்கள்."

மைக்கை நிறுத்திவிட்டார்கள். கொழும்பாருக்குத் தமிழ் விளங்கவில்லை. துவாய்க்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பிரச்சினை என்று கேட்க, அவர் "சாப்பாட்டுப் பிரச்சினை" என்று மொழிபெயர்த்தார். உடனே எல்லோருக்கும் தேத்தண்ணியும் பற்றிசும் வந்தது. கூட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு

இதுவரைக்கும் வாசித்துச் சிரித்திருப்பீர்கள். நானும் சில இடத்தில் சிரித்தேன். மாரிமுத்து சிரிக்கவில்லை.

ஊரில் அவருக்கு இப்போது பெயர் "ஏசி". றோட்டால் போனால், "ஏசி அண்ணை, எங்கட வீட்டையும் ஒருக்காக் குளிராக்கிவிடுங்கோ" என்று கூப்பிடுகிறார்கள். பகிடிக்குத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அதே ஆட்கள் தண்ணீர் மோட்டரைத் திருத்தும்போது அவர் கிட்டப் போனால், "நீங்கள் தள்ளி நில்லுங்கோ" என்கிறார்கள். துணுக்காயில் ஒரு அரிசி ஆலையில் வேலைக்குப் போயிருக்கிறார். முதலாளி முகத்தைப் பார்த்ததும் கேட்டாராம்: "அரசாங்க மெசினைக் கெடுத்தது நீர்தானே? எனக்கு இருக்கிறது இந்த ஒரு மெசின்தான்."

நான் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மிஸ், வேல போனா போவுதுங்க. வேற தேடிக்கலாம். மெசின்ல கைவச்சேன்னு ஏன் சொல்லணும்? வைக்காம இருக்கத்தானே அங்க நின்னேன்."

எங்கள் தலைமை அலுவலகத்துக்கு நான் முறைப்பாடு செய்தேன். அது பணிப்பாளருக்கே விசாரிக்க அனுப்பப்பட்டது. அவர் தன்னைத் தானே விசாரித்து, தான் குற்றமற்றவர் என்று கண்டுபிடித்தார்.

இளம் உத்தியோகத்தர்களே, உங்களுக்குப் பாடம் வேண்டுமென்றால் இதுதான். சென்சர் தனக்குக் கிட்ட இருப்பதைத்தான் அளக்கும். அது குகையா வடையா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. போய்ப் பார்க்கிறது உங்கள் வேலை. கோடு நேராக வந்தால் நேராகவே கொடுங்கள். மேலே இருப்பவருக்குக் களையான படம் பிடிக்கும் என்பதற்காக ஒரு முனைகூடப் போடாதீர்கள். அந்த முனை கடைசியில் யாரோ ஒரு காவலாளியின் வயிற்றில்தான் குத்தும்.

பணிப்பாளர் ஐயா, இனி உங்களோடு. இந்த மலர் உங்கள் மேசைக்கும் வரும். அலுவலக அறையில் என்னைக் கூப்பிட்டுக் கதைக்கவேண்டாம், போனிலும் வேண்டாம். எந்த மண்டபத்தில், எந்தச் சனத்துக்கு முன்னால் மாரிமுத்துவைச் சொன்னீர்களோ, அங்கே வாருங்கள். மைக்கை நானே பிடித்துத் தருகிறேன். இரண்டே கேள்வி. ஒரு காவலாளி ஒரு குகையின் வெப்பநிலையை எப்படிக் குறைப்பார்? நீங்கள் அன்று என் சென்சரிலிருந்து கழற்றிச் சாப்பிட்டது என்ன?

சனம் கேட்கச் சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.